பன்னிரண்டாவது குழியின் மணற்பள்ளம்

காலை ஆறேகாலுக்கு, பதினெட்டுக் குழிகளில் பதினொன்று சரியில்லை என்று எழுதி முடித்தார் அறவாழி. அந்தப் பதினொன்றில் படுமோசம் பன்னிரண்டாவது.

கீழமுனை கோல்ஃப் மைதானம் தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டிக் கிடக்கிறது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் போட்டது. தென்னாட்டில் இதற்கு ஈடில்லை என்று நெடுங்காலம் பேர் வாங்கியிருந்தது. அந்த வருஷம் ஒரு விளையாட்டுப் பத்திரிகை தன் சிறந்த மைதானங்களின் வரிசையிலிருந்து அதை எடுத்துவிட்டது. கடலைத் தூக்கிவிட்டால் இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டும் எழுதிவிட்டது. கிளப்காரர்களுக்குத் தூக்கம் போயிற்று. மைதானத்தை இருக்கிறபடி வைத்துக்கொள்வதா, கொத்திப் போட்டுப் புதிதாகக் கட்டுவதா என்று பார்த்துச் சொல்லச் செலஸ்டினா மோத்தாவை அழைத்தார்கள்.

செலஸ்டினா மைதானங்களை வடிவமைப்பவர். நாற்பத்து நான்கு வயது. அவரிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த அறவாழிக்கு ஐம்பத்தெட்டு. நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அறவாழி செலஸ்டினாவை டீச்சர் என்பார். செலஸ்டினா அவரை அண்ணாச்சி என்பார்.

"முடிவை நீங்க எழுதுங்க அண்ணாச்சி," என்று வந்த அன்றே சொல்லிவிட்டார் செலஸ்டினா. "நான் கையெழுத்துப் போடுதேன்."

கொத்தலாம் என்று எழுதினால் புது மைதானத்துக்குப் படம் போடும் வேலை அறவாழிக்குத்தான். அந்தப் படத்தை முன்கூட்டியே வரைந்து சுருட்டி வைத்திருந்தார். தான் போட்டது என்று காட்ட ஒரு சாண் நிலம்கூட அதுவரை அவருக்கு அமையவில்லை.

பன்னிரண்டாவது குழியின் தொடக்க மேட்டில் நின்றுகொண்டு எதிரே கையை நீட்டினார்.

"பாருங்க டீச்சர். பச்சைக்கு நட்ட நடுவுல மணற்பள்ளம். நேரா அடிச்சவன் உள்ள விழுறான். கொஞ்சம் கோணலா அடிச்சவன் தப்பிச்சுக்கிறான். இது என்ன நியாயம்?"

பச்சைப் புல் ஒரு ரிப்பன் மாதிரி தெற்கே ஓடியது. வலது பக்கம் தேரி மணல்மேடு, இடது பக்கம் கடல். ரிப்பனின் இரண்டு ஓரங்களிலும் இராவணன் மீசைப் புல் முள்ளாக அடைத்துக்கொண்டு நின்றது. பந்து அதற்குள் போனால் போனதுதான்.

"மூடிரலாம்ங்கீங்களா?"

"ரோட்டுக்கு நடுவுல பள்ளம் இருந்தா மூடணும். முப்பது வருஷம் அதைத்தானே செஞ்சேன்."

"எல்லாத்தையும் மூடிட்டீங்களா?"

"பில் போட்டோம்," என்றார் அறவாழி.

செலஸ்டினா சிரித்துவிட்டார். பிறகு கிளப் செயலாளர் லூர்தையாவைக் கூப்பிட்டார். அந்தக் குழிக்குத் தண்ணீரை நிறுத்தச் சொன்னார். தேரியடியிலிருந்து கடலோரம் வரை இராவணன் மீசையையும் சேர்த்து ஒரே மட்டமாக வெட்டச் சொன்னார்.

லூர்தையாவுக்கு வியர்த்தது. "காஞ்சுரும் மேடம்."

"காயட்டும்."

"தலைவர் என்னைத் தொலைச்சிருவாரு."

"நான் சொன்னேன்னு சொல்லுங்க. என்னைத் தொலைக்கட்டும்."

ஆடி மாதம். நிலத்திலிருந்து கடலைப் பார்த்துக் கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. பத்து நாளில் பன்னிரண்டாவது குழி முழுக்க வைக்கோல் நிறமாகிவிட்டது. பாதை எது, ஓரம் எது என்று சொல்ல முடியவில்லை. தூரத்தில் கொடி மட்டும் படபடத்தது. லூர்தையா அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

செலஸ்டினா ஒரு பை நிறையப் பந்தும் ஒரு மட்டையும் கொண்டுவந்தார்.

"அடிங்க அண்ணாச்சி."

அறவாழி நின்றார். தோளைத் திருப்பினார். மறுபடி நேராக்கினார்.

"எதைப் பாத்து அடிக்கிறது?"

"அதைத்தான் நானும் கேக்கேன்."

முதல் பந்தைப் பழக்கதோஷத்தில் நேரே அடித்தார். மணற்பள்ளத்தில் விழுந்தது. அடுத்ததைக் கடலோரமாக அடிக்கப் பார்த்தார். பள்ளத்துக்கும் கடலுக்கும் நடுவே இவ்வளவு இடம் இருப்பதே இப்போதுதான் கண்ணில் பட்டது. அங்கிருந்து கொடிக்கு வழியும் திறந்து கிடந்தது. கச்சான் பந்தை வாங்கிக்கொண்டுபோய்க் கடலில் போட்டது.

மூன்றாவதைத் தேரிப் பக்கம் அடித்தார். பத்திரமாக விழுந்தது. போய்ப் பார்த்தால் அங்கிருந்து கொடி தெரியவில்லை. குறுக்கே ஒரு மேடு. அதன்மேல் ஏற்றி அடித்த பந்து உருண்டு அவர் காலடிக்கே வந்தது.

"துரை படுபாவியா இருந்திருப்பான் போல," என்றார்.

திரும்பி வந்து கையை நீட்டினார். "இன்னொண்ணு குடுங்க."

செலஸ்டினா கொடுத்தார். வெயில் ஏறியது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அறவாழி காற்றை முகத்தில் வாங்கிப் பார்த்தார், ஒரு பிடி மணலைத் தூவிப் பார்த்தார். தேரியின் மேலே தூக்கி அடித்தால் காற்றே திருப்பிக் கொண்டுவந்துவிடாதா என்று தோன்றியது. அடித்தார். பந்து போய்க்கொண்டே இருந்தது, பிறகு மனம் மாறினது போல் இடப்பக்கம் வளைந்தது, பள்ளத்தின் உதட்டைத் தாண்டிக் கடலுக்கு முன்னால் நின்றது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா டீச்சர்!"

"பாத்தேன்."

"இன்னொண்ணு."

"பை காலி."

அறவாழி மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு அடங்க நேரமாயிற்று. பிறகு அந்த மஞ்சள் நிலத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"பள்ளம் நடுவுல இல்லை."

"அப்படியா?"

"தண்ணி தெளிக்கிற குழாயை அதுக்கு நேரா ஒரே வரிசையாப் போட்டுட்டாங்க. தண்ணி எட்டின வரைக்கும் பச்சை. பச்சைக்கு நடுவுல பள்ளம். மத்த குழியிலயும் இதே கதையாத்தான் இருக்கும். உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"குழாய் போட்டதே நான் பொறந்த பொறவுதானே. தெரியாம இருக்குமா?"

அறவாழி சிரிக்கவில்லை.

"அப்ப கொத்த வேண்டியதில்லை."

"நீங்கதான் எழுதணும்."

"தண்ணியைக் குறைக்கவும், புல்லை அகலமா வெட்டவும். ரெண்டு வரி. அதுக்கு மேல எழுத ஒண்ணுமில்லை."

"ரெண்டு வரி எழுதுங்க."

"ரெண்டு வரி எழுதினவனை எவன் அடுத்த தடவை கூப்பிடுவான்?"

"கூப்பிட மாட்டாங்க."

ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று அறவாழி எதிர்பார்த்திருந்தார். கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"அம்பத்தெட்டு வயசு டீச்சர். எனக்குன்னு ஒண்ணு வேண்டாமா?"

செலஸ்டினா மட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இந்த இடத்துக்கு எங்கிட்டயும் ஒரு படம் இருக்கு அண்ணாச்சி. ரொம்ப வருஷமா. நல்ல படம்."

"எனக்குக் காட்டவே இல்லையே."

"காட்டினா கட்டணும்னு சொல்லுவீங்க."

காற்று மணலை அள்ளி இரண்டு பேர் மேலும் இறைத்தது. அறவாழி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு ஒருத்தன் ஆட வருவான். இதுல யார் யார் கை பட்டிருக்குன்னு கேப்பானா?"

"கேக்க மாட்டான். எங்க அடிக்கணும்னுதான் கேப்பான்."

"என்ன சொல்றது?"

"அதை மட்டும் சொல்லிராதீங்க."

அறவாழி நோட்டை எடுத்து அந்த இரண்டு வரியை எழுதினார்.

2022 ஆகஸ்ட் 14ஆம் தேதி, கொத்தாமல் விட்ட கீழமுனையில் மாநிலப் போட்டி நடந்தது. பன்னிரண்டாவது குழியின் தொடக்க மேட்டில் எங்கே அடிப்பது என்று ஒவ்வொருவரும் யோசித்து நின்றதில் ஆட்டம் வெகுநேரம் தேங்கியது. அறவாழி கயிற்றுக்கு வெளியே கூட்டத்தோடு நின்று பார்த்தார்.