நாலரை வோல்ட்டில் ஒரு கோடு

ஒரு காலத்தில் ஒரு கடையின் கண்ணாடி அலமாரியில் பெரிய ஆஸிலோஸ்கோப் ஒன்றும் சின்ன ஆஸிலோஸ்கோப் ஒன்றும் அருகருகே இருந்தன. மின்சாரம் கணத்துக்குக் கணம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத் திரையில் கோடாக வரைந்து காட்டுவதுதான் இரண்டுக்கும் தொழில். பெரியது மேசையை அடைத்துக்கொண்டு உட்காரும். சின்னது உள்ளங்கையில் அடங்கிவிடும்.

"உன்னை யார் வாங்குவார்கள்? விளையாட்டுச் சாமான் என்று குழந்தைக்கு வேண்டுமானால் வாங்குவார்கள்" என்று பெரியது அடிக்கடி சொல்லும். சின்ன ஸ்கோப்புக்கும் அந்தப் பயம் இருந்தது.

ஒருநாள் வினோதா வந்தாள். அவள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். பண்ணைகளுக்குப் போய் எலக்ட்ரானிக் போர்டுகளைப் பழுதுபார்க்கும் வேலையைப் புதிதாகத் தொடங்கியிருந்தாள். சின்னதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எது முடியாதுன்னு சொல்லுங்க" என்றாள் கடைக்காரரிடம்.

கடைக்காரர் சிரித்தார். "எல்லாரும் எது முடியும்னுதான் கேப்பாங்க. ரொம்ப வேகமான அலை வந்தா இது தடுமாறும். இல்லாத அலைய வரைஞ்சு காட்டும். வீட்டுக் கரண்டுல நேரா வைக்கக் கூடாது. ஒரு நேரத்துல ஒரு இடத்தைத்தான் பாக்கும்."

"நான் பாக்குறது இன்குபேட்டர் போர்டு, மோட்டார் போர்டு மாதிரிங்க. அவ்வளவு வேகம் வராது. பேட்டரில ஓடுமில்லீங்க?"

"ஓடும்."

"அப்ப போதுங்க."

தன் குறையெல்லாம் நாலு பேர் முன்னால் வாசிக்கப்பட்டதில் ஸ்கோப்புக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு ஒரு நிம்மதி வந்தது. இனி யாரிடமும் எதையும் நடிக்க வேண்டியதில்லை.

வினோதாவின் கருவிப் பைக்குள், வோல்ட்டை எண்ணாகச் சொல்லும் ஒரு மல்டிமீட்டர் ஏற்கெனவே குடியிருந்தது. ஸ்கோப்பின் நெற்றியிலேயே 'ஆட்டோ' என்றொரு பொத்தானும் இருந்தது. அது வாயாடி. "எதற்கும் கவலைப்படாதே, தம்பி. என்னை அழுத்தினால் போதும், ஏதாவது ஒரு படம் வந்துவிடும். இந்தப் பெண் கல்லூரியில் கற்றதே அதுதான். ஆட்டோவை அழுத்து, வந்ததை வரை, கையெழுத்து வாங்கு" என்றது.

முதல் வேலை நாமக்கல் பக்கம் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில். இன்குபேட்டர் ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறது. போன முறை ஆள் கவனிப்பதற்குள் முட்டையெல்லாம் குளிர்ந்து, ஒரு குஞ்சுகூடப் பொரியவில்லை. இந்த முறை முட்டைகளைத் தூக்கிப் பக்கத்து மெஷினில் நெருக்கி வைத்திருந்தார்கள். அது தன் முட்டைகளோடு இவற்றையும் சுமந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"சாயங்காலம் வரைக்குந்தான் தாங்குமுங்க" என்றார் உரிமையாளர் குழந்தைவேல். "அதுக்கு மேல போச்சுன்னா அதுல இருக்கறதும் வெந்துரும், இதுவும் போயிரும்." பிறகு ஸ்கோப்பைப் பார்த்தார். "ஏனம்மிணி, இதென்ன பொடுசுக வெளையாடற மெசினாட்ட இருக்குது?"

"மெசின் ஏன் நிக்குதுன்னு இதுல பாக்கலாங்ண்ணா."

இன்குபேட்டரின் போர்டு தளர்ந்துபோய் இருந்தது. "எனக்கு ஒன்றும் நினைவில்லை" என்றது. "மயங்குவதே எனக்குத் தெரியாது. கண் திறந்தால் புதிதாகப் பிறந்தாற்போல இருக்கும். யாராவது பொத்தானை அழுத்தும் வரை சூடேற்றக் கூடாது என்று என்னைப் பழக்கியிருக்கிறார்கள். அதற்குள் முட்டைகள் குளிர்ந்துவிடுகின்றன."

மல்டிமீட்டர் முதலில் தொட்டுப் பார்த்தது. "ஐந்து வோல்ட். அப்பழுக்கில்லை. உனக்கு ஒரு நோயும் கிடையாது."

அடுத்து ஸ்கோப்பின் முறை. அதன் திரையில் ஐம்பது வோல்ட் என்று வந்தது.

மல்டிமீட்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "ஐம்பது வோல்ட் ஓடியிருந்தால் இந்தப் போர்டு எப்போதோ புகைந்திருக்கும், தம்பி."

வினோதாவின் காது சிவந்தது. பிறகு பார்த்தாள். தொட்டு அளக்கும் முனையில் இருந்த சின்னச் சுவிட்ச் 'ஒரு மடங்கு' என்ற இடத்தில் இருந்தது. ஸ்கோப்போ பத்து மடங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தது. முனையும் ஸ்கோப்பும் முதலில் பேசி வைத்துக்கொள்ளாமல் வேலையில் இறங்கிவிட்டன. சுவிட்சைப் பத்துக்குத் தள்ளினாள். ஐந்து வோல்ட் வந்தது.

"நல்லவேளை, பக்கத்தில் நீங்கள் இருந்தீர்கள்" என்றது ஸ்கோப். மல்டிமீட்டருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"சரி, இனி நான்" என்றது ஆட்டோ. வினோதாவின் விரலும் பழக்கத்தில் அங்கேதான் போனது. திரையில் நேரான கோடு ஒன்று வந்தது. பார்க்க அழகாக இருந்தது.

"பார்த்தாயா? எல்லாம் நலம்" என்றது ஆட்டோ.

"நீ இந்த நிமிஷத்தைத்தான் பார்த்தாய்" என்றது ஸ்கோப். "இது மயங்குவது எப்போதாவது ஒரு முறை."

வினோதாவும் அந்த அழகான கோட்டை வெகுநேரம் வெறித்தாள். பிறகு ஆட்டோவை விட்டு விரலை எடுத்தாள். போர்டு பத்திரமாக ஓடக் குறைந்தது நாலரை வோல்ட்டாவது வேண்டும் என்பதால், திரையில் அங்கே ஒரு எல்லைக் கோட்டை வைத்தாள். மின்சாரம் அதற்குக் கீழே விழுந்தால் அந்த ஒரு கணத்தை மட்டும் பிடித்து நிறுத்து என்று ஸ்கோப்பைப் பணித்தாள்.

ஸ்கோப் காத்திருந்தது. மெஷினுக்குள் காற்றாடி ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. ஒன்றும் வரவில்லை.

"ஏனம்மிணி, படமே காணமே?"

"காத்திட்டு இருக்குதுங்ண்ணா."

"நம்மாளுக வேலை செய்யாம நிக்கறாங்களே, அதாட்டவா?"

காற்றாடி மறுபடி கிளம்பியது. அந்த நொடியில் மின்சாரம் படுகுழியில் விழுந்து, கண் இமைப்பதற்குள் எழுந்து நின்றது. ஸ்கோப் விடாமல் பிடித்துத் திரையில் நிறுத்தியது. போர்டு மயங்கி விழித்து, "என்ன ஆயிற்று?" என்றது.

"இதுதான் ஆயிற்று" என்று ஸ்கோப் காட்டியது. போர்டு தன் மயக்கத்தை முதல் முறையாகப் பார்த்தது.

காற்றாடிக்கும் போர்டுக்கும் ஒரே பவர் சப்ளை. அதில் மின்சாரத்தைச் சேர்த்துவைத்துத் தேவைப்படும்போது கொடுக்க வேண்டிய கப்பாசிட்டர் வறண்டு போயிருந்தது. வினோதா அதை மாற்றினாள். காற்றாடியைப் பல முறை கிளப்பினார்கள். போர்டு மயங்கவில்லை.

"அப்புறமென்னங்க, முட்டைய எடுத்து வச்சுரலாமா? வெயிலும் எறங்கிருச்சு" என்றார் குழந்தைவேல்.

ஆனால் ஸ்கோப் இன்னொரு கணத்தைப் பிடித்து நிறுத்தியிருந்தது. இந்த முறை பள்ளம் ஆழமில்லை. எல்லைக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே போய் வந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆட்டோ குரலைத் தாழ்த்தியது. "தம்பி, போர்டு விழவில்லையே. அந்தக் கோட்டைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளேன். நாலரை என்ன, நாலு போதாதா? யாருக்குத் தெரியப் போகிறது? பாவம், இந்தப் பெண்ணுக்கு முதல் வேலை. நல்ல பெயரோடு வீட்டுக்குப் போகட்டும்."

ஸ்கோப்புக்கு அது புரியாமல் இல்லை. விழ வேண்டும் என்று காத்திருந்தபோது விழிப்பாக இருப்பது சுலபமாக இருந்தது. இப்போது விழக்கூடாது என்று எல்லோரோடும் சேர்ந்து அதுவும் ஆசைப்பட்டது. ஆசைப்பட்டுக்கொண்டே அதே இடத்தில் கண்ணை வைத்திருப்பதுதான் கடினம்.

"கோடு முட்டைகளுக்காகப் போட்டது. எனக்காக அதை நகர்த்த மாட்டேன்" என்றது.

வினோதாவின் விரல் கோட்டை நகர்த்தும் பொத்தானின் மேல் இருந்தது. அழுத்தவில்லை. விரலை எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னும் ஒண்ணு இருக்குதுங்ண்ணா. இன்னைக்கு நிக்காது. ஆனா ஒருநாள் நிக்கும்."

குழந்தைவேலின் முகம் சுருங்கியது. "இப்பத்தான் செரியாப் போச்சுன்னு இருந்தனுங்க."

"நானும் அப்படித்தாங்க நெனச்சேன்."

"மெசினு ஓடுதல்லொ?"

"ஓடுதுங்க. என்னால மனசாரச் செரியாயிருச்சுன்னு சொல்ல முடியல. கொஞ்சம் பொறுங்க."

அவர் வாசல்வரை போய் வெயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "வெரசாப் பாருங்க, அம்மிணி."

மெஷினின் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு வரும் ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். ஒன்று திருகாணிக்கு அடியில் ஆடியது. அதன் செம்பு கறுத்துப்போயிருந்தது. கறுத்த பகுதியை நறுக்கி, புதிதாகச் சீவி, இறுக முடுக்கினாள். மறுபடி மின்சாரம் கொடுத்தாள்.

"இப்போதாவது இறக்குவாயா?" என்று ஆட்டோ கேட்டது. ஸ்கோப் அதன் பக்கம் திரும்பவே இல்லை.

காற்றாடி கிளம்பியது, நின்றது. கிளம்பியது, நின்றது. பக்கத்து மெஷின் முனகிக்கொண்டே இருந்தது. குழந்தைவேல் வினோதாவின் அருகில் குந்தினார். அவரும் திரையையே பார்த்தார். வெகுநேரம் ஆன பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணுமே வரலியே, அம்மிணி?"

வினோதா எல்லைக் கோட்டைப் பார்த்தாள். நாலரையில்தான் இருந்தது.

"ஆமாங்ண்ணா" என்றாள். "இப்ப முட்டைய எடுத்து வைங்க."