துண்டு போட்ட கூடம்

எனக்கு முதலில் அநியாயம் செய்தவர் அம்பலவாணன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

குறத்திமலை அடிவாரத்தில் ஒரு மடம் இருக்கிறது. சாமி என்று எல்லோரும் சொல்கிறவர்தான் அங்கே குரு. என்னைவிட இருபது வயதாவது சின்னவர். வருஷத்தில் பாதிக்கு மேல் ஊர் ஊராக நடந்துகொண்டிருப்பார். மழைக்காலத்துக்கு மடம் திரும்புவார். அவர் இல்லாத நாட்களில் மடத்து வாசல் அம்பலவாணன் பொறுப்பில் இருந்தது. அம்பலவாணன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மடத்தில் எல்லோரும் அவரை சார் என்றுதான் கூப்பிடுவார்கள்; சாமி மட்டும் வாத்தியார் என்பார்.

நான் கல் உடைத்துப் பிழைத்தவன். கை ஓய்ந்த பிறகு சாமியைத் தேடி வந்தேன். அப்போது ஐப்பசி. அடைமழை. சாமி இன்னும் வந்து சேரவில்லை. வாசலில் அம்பலவாணன் குடை பிடித்து நின்றார்.

“இடம் இல்லை” என்றார்.

“ஓரமாப் படுத்துக்கிறேன் சார்.”

“ஓரமும் இல்லை. வேணும்னா எட்டிப் பாரு.”

எட்டிப் பார்த்தேன். கூடம் முழுக்கத் துண்டு விரித்திருந்தது. தரையே தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் துண்டு போட்ட இடம் போட்டவருக்குச் சொந்தம். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டை வீசிவிட்டு நிதானமாக ஏறுவார்கள். கல்யாணப் பந்தியில் துண்டைப் போட்டுவிட்டுக் கை கழுவப் போவார்கள். நின்றுகொண்டே ஊர் போய்ச் சேருவானே தவிர, அடுத்தவன் துண்டை யாரும் தொடமாட்டான். நானும் தொட்டதில்லை. அதனால் அம்பலவாணன் சொன்னதை நம்பினேன்.

விறகுக் கொட்டகைக்குப் போய்ப் படுத்தேன். அது ஒழுகும். என் இடது காதில் சீழ் வைத்தது. வலி நின்ற பிறகு அந்தக் காது கேட்கவில்லை.

நான் வைத்தியம் கேட்கவில்லை. “இடம் இருந்தது, இல்லை என்று சொல்லிவிட்டேன்” என்று அம்பலவாணன் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வரவேண்டியது.

கார்த்திகை பிறந்ததும் சாமி வந்தார். வந்த அன்று சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நான் விறகு கொண்டுவந்து போட்டுவிட்டு வாசற்படியில் நின்றேன்.

அம்பலவாணன் கேட்டார்.

“சாமி, உலகத்தில் எண்ணூறு கோடிப் பேர் ஆயாச்சு. நான் வேலைக்குச் சேர்ந்தப்போ இதில் பாதிகூட இல்லை. வறுமை, பசி, சண்டை எல்லாம் எதனால? ஆள் பெருத்துப்போச்சு. இனிமேலும் பூமி தாங்குமா?”

பக்கத்தில் இருந்த உத்தண்டி தலையாட்டினார். அவர் உடம்பு பெருத்தவர். சாப்பாட்டுக் கடை வைத்திருந்துவிட்டு மடத்துக்கு வந்தவர்.

“தாங்காது சாமி. என் கடையிலயே பார்த்திருக்கேன். ஒரு நாற்காலி, நாலு ஆள்” என்றார்.

சாமி அம்பலவாணனைப் பார்த்தார்.

“எண்ணூறு கோடி ரொம்பப் பெரிசு வாத்தியாரே. எனக்குப் பிடிபடாது. இந்தக் கூடத்தில் எத்தனை பேர்?”

“அறுபது சாமி. நிறைஞ்சாச்சு.”

“யார் எண்ணினது?”

“நானேதான். காலையிலகூட எண்ணினேன்.”

சாமி கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு வாசற்படியில் நின்ற என்னைப் பார்த்தார்.

“பெரியவரே, நீங்க எங்க படுக்கிறீங்க?”

“விறகுக் கொட்டகையில சாமி.”

“அங்க சுகமா?”

“ஒரு காது போச்சு.”

 அம்பலவாணன் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

சாமி அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ஆற்றில் வெள்ளம் வந்தது. படுகையில் கூடாரம் போட்டு வாத்து மேய்க்கிறவர்கள் மேடேறி மடத்துக்கு வந்தார்கள். ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக ஒரு கூட்டம். பின்னால் வாத்துகள். புளியமரத்தடியில் நின்றார்கள். மரம் நின்று நின்று சொட்டியது.

ஒருத்தி மட்டும் வாசலுக்கு வந்தாள். பெயர் காத்தாயி என்றாள். கைக்குழந்தையை முந்தானையால் மூடியிருந்தாள்.

“எத்தனை பேரும்மா?” என்று அம்பலவாணன் கேட்டார்.

“எண்ணலைங்க. எல்லாரும் வந்துட்டோம்.”

“எண்ணாம எப்படி இடம் கேக்குறே?”

“யாரும் தண்ணியில போகலியான்னு மட்டும் பார்த்துக்கிட்டோங்க.”

“இங்க இடம் இல்லை. கூடம் நிறைஞ்சிருக்கு. இத்தனை வாத்து வேற.”

“வாத்து நனையட்டும் சார். அதுக்கு மழைதான் வேணும். புள்ளைங்கதான் நனையக் கூடாது.”

எனக்குச் சொன்ன அதே குரலில்தான் அவளுக்கும் சொன்னார். நான் விறகுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனேன். சாமி கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்தார்.

“சாமி, இன்னொருத்தருக்கும் காது போகப்போகுது” என்றேன்.

சாமி ஈரக் கையோடு கூடத்துக்கு வந்தார். மணி அடிக்கச் சொன்னார். எல்லோரும் வந்தார்கள்.

“அவங்கவங்க துண்டில் அவங்கவங்க படுங்க.”

“இப்பவா சாமி? பட்டப்பகல்ல?” என்றார் உத்தண்டி.

“இப்பத்தான்.”

எல்லோரும் படுத்தார்கள். உத்தண்டி ஜன்னலோரத் துண்டில் படுத்தார். எழுந்தார். விளக்கடித் துண்டில் போய்ப் படுத்தார். மறுபடி எழுந்து தூணோரத் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன உத்தண்டி?”

“மூணும் என்னுதுதான் சாமி. மத்தியானம் காத்துக்கு ஒண்ணு. படிக்க ஒண்ணு.”

“மூணாவது?”

“என் தம்பி தீபத்துக்கு வருவான்னு போட்டது.”

“வந்தாரா?”

“போன வருஷமும் வரலை.”

“சரி, மூணிலயும் படுங்க.”

“நான் குண்டுதான் சாமி. அதுக்காக இவ்வளவு தூரமா?”

படுத்திருந்தவர்கள் சிரித்தார்கள். சாமியும் சிரித்தார். ஆனால் சொன்னதை மாற்றவில்லை. உத்தண்டி இரண்டு துண்டுக்கு நடுவில் கையைக் காலை விரித்துப் படுத்துப் பார்த்தார். பிறகு தானாகவே எழுந்து இரண்டு துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“இப்ப எண்ணுங்க வாத்தியாரே.”

அம்பலவாணன் நின்றபடியே எண்ணினார். அவரோடு சேர்த்து இருபத்திரண்டு பேர்.

“அறுபதுன்னு சொன்னீங்களே?”

“துண்டை எண்ணினேன் சாமி. துண்டு இருந்தா ஆள் இருக்குன்னுதானே அர்த்தம்?”

“உங்க துண்டு எது?”

அம்பலவாணன் காட்டினார். சுவரோரம் ஒன்று. புத்தகத்துக்கு ஒன்று. பெட்டிக்கு ஒன்று. ஊரிலிருந்து பார்க்க வருகிறவர்களுக்கு இரண்டு. அதற்கு அந்தப் பக்கம் இன்னும் ஒன்று விரித்திருந்தது.

“அது யாருக்கு?”

“யாருக்கும் இல்லை சாமி. பக்கத்தில் யாராவது படுத்தா எனக்குத் தூக்கம் வராது.”

ஐப்பசி முழுவதும் நான் அந்த ஆறாவது துண்டுக்கு வெளியே நனைந்திருக்கிறேன். அப்போதுதான் எனக்கே அது தெரிந்தது.

காத்தாயி வாசலிலேயே நின்றாள். குழந்தை இருமியது.

அம்பலவாணன் குரலை உயர்த்தினார்.

“சாமி, துண்டை எடுத்துடலாம். இன்னிக்கு இவங்க உள்ள வருவாங்க. நாளைக்கு இன்னொரு கூட்டம் வரும். மழை எல்லா ஊரிலயும்தான் பெய்யுது. உலகத்துக்கே இந்தக் கூடம் போதுமா?”

“போதாது.”

“அப்போ நான் சொன்னது சரிதானே?”

“இடம் இல்லாதப்போ சொல்றதுக்கு ஒரு வார்த்தை வச்சிருக்கீங்க வாத்தியாரே. அதை இடம் இருக்கும்போதே செலவழிச்சிட்டா, நாளைக்கு வர்றவங்ககிட்ட என்ன சொல்வீங்க?”

 அம்பலவாணன் துண்டுகளை எடுக்கவில்லை. உத்தண்டிதான் எடுத்தார். மற்றவர்களும் எடுத்தார்கள். தரை தெரிந்தது. வழுவழுப்பான நல்ல கருங்கல். எங்கள் ஆட்கள் செதுக்கியதாக இருக்கும்.

வாத்துக்காரர்கள் உள்ளே வந்தார்கள். நெருக்கமாகத்தான் இருந்தது. ஆண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் படுக்க இடம் போதவில்லை. இன்னும் நாலைந்து குழந்தைகள் நடையில் நின்றன. சாரல் அடித்தது.

“இதோ, நிறைஞ்சாச்சு. இப்ப என்ன செய்யறது சாமி?” என்றார் அம்பலவாணன்.

சாமி யோசித்தார்.

நான் கேட்டேன்.

“சாமி, உங்க அறை?”

கூடத்தை ஒட்டி சாமியின் அறை இருந்தது. கூடத்தில் பாதி அளவு. சாமி ஊரில் இல்லாத மாதங்களிலும் தினம் பெருக்கி, விளக்கேற்றி, பூட்டிவிடுவார்கள். உள்ளே ஒரு கட்டிலும் ஒரு பாயும்தான். அந்தக் கதவைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு.

“யோவ், யாரைப் பார்த்து என்ன கேக்குறே?” என்று அம்பலவாணன் அதட்டினார்.

சாமி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். கொஞ்ச நேரம் கதவையே பார்த்தார். அவர் முகம் அப்படி வாடி அதற்குப் பிறகும் நான் பார்த்ததில்லை.

“அது துண்டுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே” என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பெரியவரே, இதை ஏன் நேத்து ராத்திரியே கேக்கலை?”

“நேத்து ராத்திரி நான் கொட்டகையில இருந்தேன் சாமி. அங்கிருந்து கேட்டா உங்களுக்குக் கேக்காது.”

சாமி இடுப்பில் இருந்த சாவியை எடுத்துக் காத்தாயி கையில் கொடுத்தார். அவள் வாங்கத் தயங்கினாள்.

“உள்ள சாமி படம் இருக்குமா? தீட்டுக் கீட்டு ஆயிடாதே?”

“ஒரு கட்டில்தாம்மா இருக்கு. நாலு குழந்தை படுக்கலாம்.”

குழந்தைகள் உள்ளே ஓடின. எப்படியோ ஒரு வாத்தும் கூடவே ஓடியது. உத்தண்டி அதைத் துரத்திப் போய், பிடிக்க முடியாமல், மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

“அது கட்டிலுக்கு அடியில இடம் பிடிச்சிருச்சு சாமி.”

“துண்டு போட்டுச்சா?”

“இல்லை.”

“அப்போ இருக்கட்டும்.”

சாமி என்னைக் கூடத்தில் படுக்கச் சொன்னார். சுவரோரம், அம்பலவாணனுக்குப் பக்கத்தில், ஆறாவது துண்டு இருந்த இடம். பிறகு தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“கொட்டகை இப்ப காலிதானே. ரொம்ப ஒழுகுமா?”

“கிழக்கு மூலை ஒழுகாது சாமி.”

“அதை முன்னாடியே கண்டுபிடிச்சிருந்தா காது தப்பியிருக்குமே.”

“கண்டுபிடிக்கும்போது காது போயிருந்துச்சு.”

சாமி தலையாட்டிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

வெள்ளம் வடிந்ததும் வாத்துக்காரர்கள் போனார்கள். அறையின் சாவியைக் காத்தாயி திருப்பிக் கொடுத்தபோது சாமி அதைக் கதவிலேயே தொங்கவிடச் சொன்னார். கூடத்தில் இப்போது ஆளுக்கு ஒரு துண்டு. நான் அதே இடத்தில்தான் படுக்கிறேன். அம்பலவாணனுக்குத் தூக்கம் வருகிறதா என்று நான் கேட்டதில்லை.

தை பிறந்து, சாமி மறுபடி நடக்கப் புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

“சாமி, என் கேள்விக்கு நீங்க பதிலே சொல்லலை” என்றார் அம்பலவாணன்.

“எந்தக் கேள்வி?”

“எண்ணூறு கோடிப் பேர். பூமி தாங்குமான்னு கேட்டேன்.”

“என்னைக் கேக்கிறீங்களே வாத்தியாரே. எனக்கு ஒரு அறை இருந்துச்சு. உங்களுக்கு ஆறு துண்டு இருந்துச்சு.”

“அப்போ யாரைக் கேக்கணும்?”

சாமி என்னைக் காட்டினார்.

“இடம் இல்லைன்னு சொன்னது நீங்க. அதைக் காதால கேட்டவர் உங்க பக்கத்திலேயே இருக்கார். அவரைக் கேளுங்க.”

அம்பலவாணன் என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

அந்த வார்த்தை எனக்கு இன்னும் வரவில்லை. தினமும் சாயங்காலம் என் நல்ல காது அவர் பக்கம் இருக்கும்படிதான் உட்காருகிறேன்.