மழைமேல் போட்ட பழி

மாங்குளக் காட்டில் செம்மூக்கி என்று ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. காட்டுக்கே செய்தி சொல்வது அதுதான். எங்கே என்ன நடந்தாலும் வட்டமடித்துக் கத்திவிட்டுத்தான் தரையில் இறங்கும்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஆலங்காடு. அங்கே பன்றிகள் செக்கு வைத்து இலுப்பை எண்ணெய் ஆட்டிவந்தன. இலுப்பைப் புண்ணாக்கு மீன்களுக்கு நஞ்சு. ஒருமுறை அது அங்கிருந்த குளத்தில் சரிந்து, மீன்கள் செத்து மிதந்தன.

செம்மூக்கி சும்மா இருக்குமா? "கேளுங்கள்! பேராசை பிடித்த பன்றிகள் குளத்தையே கொன்றுவிட்டன! ஆலங்காட்டில் உயிருக்கு மதிப்பே இல்லை!" என்று தொண்டை கட்டும்வரை கத்தியது. மாங்குளத்து விலங்குகள் உச்சுக்கொட்டின. "நல்லவேளை, நாம் இந்தப் பக்கம் பிறந்தோம்!" என்று பெருமைப்பட்டுக்கொண்டன.

மாங்குளத்திலும் ஒரு செக்கு உண்டு. அதை ஆட்டியது தொந்திக் கரடி. நல்ல கரடிதான். குளிர்காலத்தில் எல்லாருக்கும் தடவிக்கொள்ள எண்ணெய் கொடுக்கும். ஆனால் இலுப்பைப் புண்ணாக்கை அப்புறப்படுத்தச் சோம்பல். மாங்குளத்துக் குளக்கரையிலேயே மலைபோல் குவித்து வைத்திருந்தது. ஒரு பெருமழையில் அந்தக் குவியல் குளத்துக்குள் சரிந்தது.

விடிந்ததும், கெண்டைகள் வெள்ளை வயிறு தெரிய மிதப்பதைச் செம்மூக்கி பார்த்தது. பதறிப்போய்க் கத்த வாயைத் திறந்தது.

கரடி மூச்சிரைக்க ஓடிவந்தது. "உஷ்! நம் காட்டு மானம் போய்விடும்! ஆலங்காட்டுக்காரர்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள். நீ நம் காட்டுக் குருவிதானே?"

செம்மூக்கிக்கு மாங்குளம் என்றால் உயிர். அது தாழப் பறந்து, "மழையால் குளம் சற்றே கலங்கியிருக்கிறது! சில மீன்களுக்கு உடம்பு சரியில்லை! பயப்பட ஒன்றுமில்லை!" என்று மெல்லச் சொல்லிவிட்டு வந்தது.

கரையோரம் வடிவு என்ற விரால் மீன் தலை தூக்கியது. செம்மூக்கியின் நெடுநாள் தோழி. அதைச் சுற்றிச் செந்நிறக் குஞ்சுகள் மொய்த்தன.

"தண்ணீர் என்னவோ போல் இருக்கிறதடி. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாய்க்காலில் ஏறிவிடலாம் என்று பார்த்தேன். நீ சொன்னதைக் கேட்டு இருந்துவிட்டேன். வெறும் கலங்கல்தானே?"

"ஆமாம், வடிவு..." என்றது செம்மூக்கி.

உச்சி வெயில் ஏறுவதற்குள் குஞ்சுகளில் பல அசைவற்றுப் போயின. வடிவு ஒவ்வொன்றையும் வாயால் தள்ளித் தள்ளிப் பார்த்தது. பிறகு மேலே வந்தது.

"அந்தக் காட்டில் மீன் செத்தபோது பன்றிகள் என்றாய். என் பிள்ளைகள் செத்தால் மட்டும் மழையா, செம்மூக்கி?"

அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் செம்மூக்கியைச் சுட்டது. விருட்டென்று மேலே எழும்பியது.

"கேளுங்கள்! குளத்தில் நஞ்சு! கரடியின் புண்ணாக்கு சரிந்துவிட்டது! மீன்களே, வாய்க்காலில் ஏறுங்கள்! மான்களே, தண்ணீரில் வாய் வைக்காதீர்கள்! மழை என்று நான் சொன்னது பொய்!"

"துரோகி! எந்தக் காட்டில் இரை தின்கிறாய்?" என்று கரடி உறுமியது.

"இந்தக் காட்டில்தான்! அதனால்தான் கத்துகிறேன்!"

வடிவு மிச்சமிருந்த குஞ்சுகளோடு வாய்க்காலில் ஏறியது. விலங்குகள் ஓடிவந்து புண்ணாக்கை அள்ளின. சத்தம் கேட்டு ஆலங்காட்டுப் பன்றிகளும் ஓடை தாண்டி வந்தன. "எங்களுக்கும் இப்படித்தான் சரிந்தது. மேட்டில் குழி வெட்டி மூட வேண்டும். தள்ளுங்கள், நாங்கள் வெட்டுகிறோம்!" என்றன. கரடி தலையைத் தொங்கப்போட்டு நின்றது. பிறகு எல்லாரையும்விடப் பெரிய கூடையாகப் பார்த்துத் தூக்கியது.

சாயங்காலம் செம்மூக்கி வாய்க்கால் ஓரம் போய் நின்றது. வடிவு தலை தூக்கிக் கேட்டது: "குளம் எப்படி இருக்கிறது?"

"இன்னும் நஞ்சுதான். வந்துவிடாதே."

வடிவு அதை நம்பி, குஞ்சுகளை அணைத்துக்கொண்டு அங்கேயே தங்கியது.

அடுத்தவர் குற்றத்தை உரக்கவும் நம்மவர் குற்றத்தை மெல்லவும் சொல்லும் செய்தி, முதலில் நம்மவரையே கொல்லும்.