கொட்டகைப் பின்சுவர்ப் பூசணி

கடல் தண்ணீருக்கும் வரி போடலாம் என்று ஓர் அரசனுக்கு முதன்முதலாகத் தோன்றிய காலத்தில் நடந்த கதை இது. சிறியவர்கள் கதையாகக் கேளுங்கள். பெரியவர்கள் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்கும் எனக்கும் இதில் வேலை இருக்கிறது.

கரையூர் என்று ஓர் உப்பள ஊர். ஊரை விட்டுப் போகும் உப்பு வண்டிகளை மறித்து, மூன்று மூட்டைக்கு ஒரு மூட்டை சுங்கம் வாங்கச் சொன்னான் அரசன். வெயிலில் நின்று உப்பு வாரியவர்கள் திகைத்துப் போனார்கள். தனித்தனியாகப் போய் அழுதார்கள். சுங்கச் சாவடிக்காரன் சிரித்தான். பிறகுதான் ஒன்றாகக் கூடி ஒரு சபை வைத்தார்கள்.

சபைக்கு ஒரு வழக்கம் இருந்தது. பாத்தியில் உப்பு வாரும்போதெல்லாம் முதல் பிடியை எடுத்துத் தனிக் கூடையில் போடவேண்டும். அதற்குப் பொதுப்பிடி என்று பெயர். பொதுப்பிடி எல்லாம் செம்மண் மேட்டில் இருந்த சபைக் கொட்டகைக்குப் போகும். அந்த உப்பை வைத்து இரண்டு காரியம். ஒன்று, தலைவர் அரசனிடம் போய்ச் சுங்கத்தை நீக்கச் சொல்லி மன்றாடும் செலவு. இன்னொன்று, சாவடியில் எவன் வண்டியாவது மாட்டிக்கொண்டால் அதை மீட்பது.

தலைவராகக் கூத்தபெருமாளைத் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல உப்பளக்காரர். நல்ல குரல். முதல் வருஷம் அரசனைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது அவர் தலைக்கு மேலே ஒரு பட்டுக்குடை இருந்தது. அரசன் கொடுத்ததாம். ஊரே எல்லைக்குப் போய் மேளம் வைத்து அழைத்துவந்தது. நம் தலைவருக்குக் குடை என்றால் நமக்குக் குடை மாதிரிதானே? இரண்டாம் வருஷம் பல்லக்கு வந்தது. மூன்றாம் வருஷம் அரசவையில் ஆசனம். சுங்கம் மட்டும் அப்படியே இருந்தது. "பேசிக்கிட்டு இருக்கேன்" என்றார் கூத்தபெருமாள். பேச்சுதானே, நேரம் எடுக்கும் என்று எல்லோரும் பொதுப்பிடியைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பல்லக்கு வந்த பிறகு அவர் பாத்தியில் கால் வைக்கவில்லை. உப்பு அறுத்த வெடிப்பெல்லாம் ஆறி, பாதம் பச்சைப் பிள்ளையின் பாதம் போல் ஆகிவிட்டது. அதையும் ஊர் பெருமையாகத்தான் பேசியது.

அந்த ஊரில் பேராச்சி என்று ஒருத்தி. கணவன் இல்லை. ஒரு செவலை, ஒரு மயிலை, ஒரு வண்டி. அந்த இரண்டு மாடுகள்தான் அவளுக்குச் சோறு. ஐப்பசியில், மழைக்கு முன் கடைசி நடையாக உப்பு ஏற்றிக்கொண்டு போனாள். சாவடிக்காரன் மறித்தான்.

"கடைசி நடைக்கு மூணுக்கு ரெண்டு."

"யார் போட்ட சட்டம் அது?"

"இப்பதான் போட்டேன்."

பேராச்சி வாயை அடக்கவில்லை. அவன் மாடுகளை அவிழ்த்துச் சாவடியில் கட்டிவிட்டான். தை முடிவதற்குள் ஒரு வண்டி உப்பு தண்டம் கட்டினால் மாடு கிடைக்கும், இல்லையென்றால் ஏலம் என்றான். அன்று மாலையே மழை பிடித்தது. வண்டியில் இருந்த உப்பு சாவடி வாசலிலேயே கரைந்து ஓடியது. ஊரில் எவரிடமும் உப்பு இல்லை. மழைக்கு முன்னால் விற்றுவிடுவார்கள், அடுப்படிப் பானையில் இருப்பதுதான் மிச்சம். ஊர் அறிய உப்பு இருந்த இடம் சபைக் கொட்டகை ஒன்றுதான்.

பேராச்சி கூத்தபெருமாளிடம் போனாள். முதல் முறை.

"அண்ணாச்சி, பொதுப்பிடியிலிருந்து ஒரு வண்டி உப்பு தாங்க. மாட்டை மீட்கணும்."

கூத்தபெருமாள் குரலைத் தாழ்த்தினார். "ஏளா பேராச்சி, மெதுவாப் பேசு. நமக்குள்ள சலசலப்புன்னு அரசன் காதில விழுந்தா நம்ம வழக்கு என்ன ஆகும்? நீ கேக்கறது உன் மாட்டை. நான் பாக்கறது ஊரோட மானத்தை."

பேராச்சிக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊர் மானத்தைவிட மாடு பெரிதா என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பினாள். இப்படித்தான் பல கேள்விகள் வாசலோடு திரும்பிவிடுகின்றன.

கார்த்திகையில் இரண்டாம் முறை போனாள். இந்தத் தடவை தலைவர் ஊர் மானத்தை இழுக்கவில்லை. "நியாயமான கேள்வி. விசாரிக்க மூணு பேரை வைக்கிறேன்" என்றார். வைத்தார். ஒருவர் அவர் மச்சினர். ஒருவர் அவர் சம்பந்தி. ஒருவர் குடை பிடிப்பவர். மூவரும் கொட்டகைக்குப் போய் வெளியே நின்று பார்த்துவிட்டு வந்து சபையில் சொன்னார்கள்: "கதவு ரொம்ப உறுதியா இருக்கு." சபை கைதட்டியது.

இதற்கிடையில் பேராச்சி மாடுகளுக்கு வைக்கோல் கொண்டு போனாள். சாவடிக்காரன் அவளைக் கண்டதும் குதித்தான்.

"வா மகராசி! உன் உப்பு கரைஞ்சு என் முருங்கை பட்டுப்போச்சு. வாசல்ல ஒரு புல்லு முளைக்கல. சுவரெல்லாம் பொரிஞ்சு உதிருது. அதுக்கும் சேத்துத் தண்டம் போடவா?"

பேராச்சி பார்த்தாள். உண்மைதான். வண்டி நின்ற இடம் வெள்ளை பூத்துச் செத்துக் கிடந்தது. உப்பளக்காரிக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. பாத்தி ஓரத்தில் எதுவும் முளைக்காது என்பது கரையூரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மாடுகளைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

தை பிறந்தது. பொங்கல் கழிந்து சபை விருந்து. வருஷா வருஷம் தலைவர் தம் செலவில் பூசணிக் கூட்டு வைத்து ஊருக்குப் போடுவார். பொதுப்பிடி போட்டவர்கள் அந்தக் கூட்டைச் சாப்பிட்டுவிட்டு, தலைவர் கை தாராளமான கை என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள். பேராச்சியும் வரிசையில் உட்கார்ந்தாள். ஏலத்துக்கு இன்னும் சில நாள்தான். பந்தியிலேயே மூன்றாம் முறை கேட்டாள்.

"அண்ணாச்சி, உப்பு?"

எல்லோரும் நிமிர்ந்தார்கள். கூத்தபெருமாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "விருந்து நாள்ல சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். கேட்டுட்டா, சொல்லுதேன். கார்த்திகை மழையில கூரை ஒழுகி அவ்வளவு உப்பும் கரைஞ்சு போச்சு. ஒரு பிடி மிஞ்சல."

ஊர் "அய்யோ" என்றது. உப்பு கரையும். மழை பெய்தது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? சிலர் தலைவருக்காக அழவே தொடங்கினார்கள்.

பேராச்சி கையில் இருந்த பூசணித் துண்டை வாயில் போட்டாள். தேனாக இனித்தது.

"கரைஞ்ச தண்ணி எந்தப் பக்கம் ஓடிச்சு, அண்ணாச்சி?"

"பின்சுவர்ப் பக்கம். ஆறா ஓடிச்சு தாயி. நின்னு பாத்தேன். நெஞ்சு வெடிச்சிருச்சு."

"பாவம். ஆனா பூசணி நல்லா இருக்கு."

கூத்தபெருமாள் முகம் மலர்ந்தது. புகழ்ச்சி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வாங்கிக்கொள்வது அவர் வழக்கம். "இருக்காதா? இந்த மழைக்கு அடிச்சு வளந்திருக்கு. ஒவ்வொண்ணும் குடம் மாதிரி."

"எங்க போட்டீங்க?"

"நம்ம கொட்டகைப் பின்சுவர் ஓரந்தான்" என்றார் கூத்தபெருமாள்.

பந்தி அப்படியே நின்றது. மென்றவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். வெயிலுவந்தான் என்று ஒரு வாயாடி அந்த ஊரில் உண்டு. அவன்தான் முதலில் பேசினான். "அண்ணாச்சி, உப்புத் தண்ணியில பூசணி காய்க்கிற வித்தையை எங்களுக்கும் சொல்லிக்கொடுங்க. கடலுக்குள்ள தோட்டம் போட்டுருவோம்."

உப்பு என்ன செய்யும் என்பது கூத்தபெருமாளுக்கும் ஒரு காலத்தில் உள்ளங்காலால் தெரியும். பல்லக்கில் ஏறியபோது அதைக் கீழே விட்டுவிட்டார்.

எல்லோரும் எழுந்து மேட்டுக்குப் போனார்கள். கொட்டகைப் பின்சுவரில் ஒரு பொரிவு இல்லை. கொடி பச்சைப் பசேல் என்று கூரை வரை ஏறியிருந்தது. அந்த ரொம்ப உறுதியான கதவை உடைத்தார்கள். உள்ளே தரை காய்ந்து, நூலாம்படை தொங்கியது. அங்கே உப்பு இருந்து பல வருஷம் ஆகியிருந்தது. தலைவர் ஆட்கள் வாங்கிப்போன கூடையெல்லாம் வேறெங்கோ விலைபோயிருந்தது.

வெட்கத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய் அடுப்படிப் பானையைக் கவிழ்த்து எடுத்துவந்தார்கள். அன்று கரையூரில் எந்தக் குழம்பிலும் உப்பில்லை. எல்லாம் சேர்ந்து அரை வண்டிதான் தேறியது. சாவடிக்காரன் ஒரு மாட்டைத்தான் விட்டான். பேராச்சி செவலையைப் பிடித்துக்கொண்டாள். மயிலை அவள் போவதைத் திரும்பிப் பார்த்தபடி நின்றது. ஏலத்தில் அதை யாரோ வெளியூர்க்காரன் எடுத்துப் போனான்.

பிறகு ஊரே திரண்டு, குடையையும் பல்லக்கையும் தூக்கிக்கொண்டு அரசனிடம் போனது. அரசன் ஆச்சரியப்பட்டான். "சுங்கமா? உங்கள் தலைவர் வருஷந்தோறும் வந்தாரே. என்ன குறை என்று ஒவ்வொரு தடவையும் கேட்டேன். முதல் தடவை குடை இல்லை என்றார். அடுத்த தடவை பல்லக்கு இல்லை என்றார். அதற்கடுத்து உட்கார இடம் இல்லை என்றார். உங்களுக்கு வேறு குறையே இல்லை என்று நினைத்தேன்."

போட்டிருந்த வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் சுங்கத்தைப் பாதியாகக் குறைத்தான். அத்தனை வருஷமாக அத்தனை பிடி உப்பைத் தின்ற காரியம் அவ்வளவுதான். கூத்தபெருமாள் மச்சினரோடு வேறோர் ஊருக்குப் போய்க் குடியேறினார். அங்கே இவர் பேச்சைக் கேட்க நல்ல கூட்டம் என்று கேள்வி.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதி. முடியவில்லை.

சபை பேராச்சியைத் தலைவியாக்கியது. "கொட்டகைக்குக் கதவே வேண்டாம். யாரும் எப்பவும் வந்து பாருங்க" என்று சொன்னாள். முதல் வருஷம் தினமும் கூட்டம். பிள்ளைகுட்டிகளோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் வருஷம் அமாவாசைக்கு அமாவாசை வந்தார்கள். மூன்றாம் வருஷம் ஆடு மாடு தவிர அந்தப் பக்கம் யாரும் போகவில்லை.

"ஏன்யா யாரும் வரல?" என்று பேராச்சி கேட்டாள்.

"உன் மேல நம்பிக்கை இருக்கு தாயி" என்றார்கள்.

அதைக் கேட்டு அவள் சந்தோஷப்படவில்லை. அவளுக்குப் பயம் வந்தது.

அந்தத் தையில் விருந்து வைத்தாள். பூசணிக் கூட்டுத்தான். தானே ஒவ்வோர் இலையாகப் பரிமாறிவிட்டுக் கேட்டாள். "கூட்டு எப்படி?"

"அமிர்தம்!"

"உப்பு?"

"அளவா இருக்கு தாயி. உன் கைக்குச் சொல்லணுமா?"

பேராச்சி கரண்டியைக் கீழே வைத்தாள். "உப்பே போடல. நாள் பூரா உப்புக்குள்ள நிக்கற சனம், ஒருத்தருக்குச் சொல்லத் தோணலியே. கொட்டகையில இருந்த உப்பையும் போன மாசமே என் மாட்டுத் தொழுவத்துக்கு மாத்திட்டேன். கதவில்லாத கொட்டகை ஒரு மாசமாக் காலியாக் கிடக்கு. யாராவது பாத்தீங்களா?"

நீங்களும் நானும் அந்தப் பந்தியில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

கடைசியில் வெயிலுவந்தான்தான் பேசினான். அன்று கடலுக்குள் தோட்டம் போடச் சொன்ன அதே வெயிலுவந்தான். இலையை மெல்ல முன்னால் நகர்த்தினான்.

"நீ மாத்தி வச்சா அதுல ஒரு காரணம் இருக்கும் தாயி. இன்னொரு துண்டு போடு."

கேட்டவர்களே, இந்தக் கதையின் நீதி இதுதான்: பொதுவில் போட்ட பிடி உப்பு எங்கே என்று கேட்காதவன், அது களவு போகும் நாளில் தானும் ஒரு பங்காளி.