புள்ளி மறைந்த மறுநாள்

தூத்துக்குடியில் பழைய இரும்பு வாங்கி விற்கும் பிச்சைக்கனி, தொட்டியில் கடல்மீன் வளர்க்கக் கற்றுக்கொள்ள ஜெசிந்தாவின் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு முப்பத்தொன்று.

பட்டுத்தான் வந்தார். போன வருஷம் ஒரு புதுமீனை வாங்கிய கையோடு வீட்டுப் பெரிய தொட்டியில் விட்டார். அதோடு வந்த வெள்ளைப் புள்ளி நோயில் ஒரே வாரத்தில் அங்கிருந்த ஏழு மீனும் மல்லாந்துவிட்டன.

புதுமீனைத் தனியே வைக்கும் தொட்டியை ஜெசிந்தா அவர் கையாலேயே அமைக்க வைத்தாள். வெறும் கண்ணாடி. மணல் கிடையாது, மணல் மருந்தைக் குடித்துவிடும். மீன் ஒளிந்துகொள்ள இரண்டு துண்டு பிவிசி குழாய். தண்ணீர் கெடாமலிருக்க, ஏற்கெனவே மீன் வளரும் தொட்டியில் மூன்று வாரம் ஊறிய வடிகட்டிப் பஞ்சு. அதற்கென்றே ஒரு வலை, ஒரு வாளி.

"எத்தனை நாள் வைக்கணும், டீச்சர்?"

"ஒரு புள்ளியும் வராம முப்பது நாள்."

"இருவதுல முடிச்சுக்குவோம்."

"முப்பது."

"சரி, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம். இருவத்தஞ்சு!"

ஜெசிந்தா உப்பளவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள், அதில் விட்டிருந்த புதுக் கோமாளி மீனின் உடம்பெல்லாம் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளி. மருந்து ஊற்றினார்கள். பதினைந்தாம் நாள் ஒரு புள்ளிகூட இல்லை.

பதினாறாம் நாள் காலையில் பிச்சைக்கனி மூடி போட்ட வாளியோடு வந்து நின்றார்.

"ஏழும் போனப்புறம் வாங்குன ஜோடியில ஒண்ணு அங்க வீட்டுல ஒத்தையில கெடக்கு, டீச்சர். ஜோடி துள்ளி வெளிய விழுந்து செத்ததுலேருந்து தீனியைச் சரியாவே தொடல. இவன் போனாத்தான் அது பிழைக்கும். எடுத்துட்டுப் போறேன்."

"வேண்டாம் அண்ணாச்சி."

"புள்ளிதான் போயிருச்சே!"

"போகல."

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. 'நீங்க' 'நீ' ஆனது.

"உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? ஒரு உசிரு அங்க துடிக்குது, நீ இங்க நாள் எண்ணிக்கிட்டு இருக்க! நெஞ்சுல ஈரம் இருந்தாத்தானே? வளர்த்தவங்களைச் சொல்லணும்!"

வாளியை எத்திவிட்டு வெளியேறினார்.

அரை மணி கழித்துத் திரும்பி வந்தார். கையில் இரண்டு டீ, காகிதத்தில் சூடாக உளுந்த வடை. முகத்தில் சிரிப்பு.

"குடிங்க டீச்சர். நமக்குக் கோவம் வந்த வேகத்துல போயிரும். மனசுல எதையும் வச்சுக்க மாட்டேன். எங்க வீட்டுக்காரியைக் கேட்டுப் பாருங்க. காலையில கத்துவேன், மத்தியானம் மறந்துருவேன்."

"அக்காவும் மறந்துருவாங்களா?"

"அவ ஒண்ணும் சொன்னதில்ல."

ஜெசிந்தா டீயை வாங்கி ஓரமாக வைத்தாள். தொட்டியின் அடியைச் சுரண்டி, ஒரு சொட்டுத் தண்ணீரை உறிஞ்சிக் கண்ணாடித் துண்டில் விட்டாள். மைக்ராஸ்கோப்பை அவர் பக்கம் தள்ளினாள்.

பிச்சைக்கனி ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு குனிந்தார். உருண்டைகள். ஒவ்வொன்றுக்கு உள்ளேயும் பொடிப்பொடியாகப் பல உருண்டைகள்.

"என்னது இது?"

"புள்ளி. மீனை விட்டு இறங்குனது. தரையில ஒட்டிக்கிட்டு ஒண்ணு நூறாகுது. வெடிச்சு வெளிய வரும்போதுதான் மருந்து அதைப் பிடிக்கும்."

"மீனுக்குத் தெரியாதா?"

"அதுக்கு எப்படித் தெரியும்? உடம்பு லேசாயிருச்சு. நல்லாச் சாப்பிடுது, பாருங்க."

அவர் தொட்டியைப் பார்த்துவிட்டு மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"அப்போ வீட்டுல கெடக்குறது?"

"உயிரோட இருக்குற இறால் குஞ்சு தாரேன். சாயங்காலம் நானே வந்து பக்கத்துல நின்னு போட்டுப் பார்க்கேன். ஒத்தையில விட மாட்டேன், அண்ணாச்சி."

பிச்சைக்கனி உருண்டு கிடந்த வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"முப்பது நாளுதானா?"

"முப்பது. இன்னைக்கு ஒண்ணு."

பேரம் பேசியே வளர்ந்த நாக்கு. அது சும்மா இருக்கவில்லை.

"புள்ளி நேத்தே போயிருச்சே, டீச்சர். கணக்குப்படி இன்னைக்கு ரெண்டுல்ல?"

ஜெசிந்தா ஆறிப்போன டீயை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள்.

"மீனுக்கு ரெண்டு. தொட்டிக்கு ஒண்ணுதான், அண்ணாச்சி."