உப்பங்கரை விளக்கு

"அம்மா, இந்த விளக்கை இனிமேல் என்னால ஏத்த முடியாது," என்றான் திரையன். கையில் எரியும் பந்தத்தோடு வாசலில் நின்றிருந்தான்.

மருதாள் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வயதில் அவனுக்கு இளையவள். ஆனாலும் பேட்டைக்கே அவள்தான் குரு.

"ஏன் அண்ணே, எண்ணெய் தீர்ந்துபோச்சா?"

"மானம் தீர்ந்துபோச்சு."

உப்பங்கரை, பேரரசின் தலைநகரில் ஒரு பேட்டை. பாட்டன் காலத்தில் கடலோரத்திலிருந்து சிறைபிடித்து வரப்பட்டவர்கள், விட்டுவந்த ஊரைப் போலவே தெருக்கள் அமைத்துக் குடியேறிய இடம். கலங்கரை விளக்கத்தைக்கூட விடாமல் கட்டியிருந்தார்கள். அதை ஏற்றுவது திரையனின் வேலை.

கடலோ, மாட்டுவண்டியில் ஒரு மாதப் பயணம்.

"முக்குக்கடை சுண்டல்காரன் தினமும் கேக்கறான், 'என்னப்பா, கப்பல் வந்துச்சா?'ன்னு. தெருவே சிரிக்குது. அரண்மனையில விளக்கேத்த ஆள் கேக்கறாங்க. போயிடலாம்னு இருக்கேன். நீங்க சரின்னு சொல்லணும்."

மருதாள் எழுந்து வந்தாள். பந்தத்தை வாங்கித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினாள்.

"சரி. இன்னிக்கு ஏத்தாதீங்க. நகரத்து வடக்கு வாசலுக்குப் போய், விளக்கில்லாத உப்பங்கரை எப்படியிருக்குன்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

போனான். பொழுது சாய்ந்துவிட்டது. கூரைக்குப் பின்னால் கூரை. தன் பேட்டை எதுவென்று அவனுக்கே பிடிபடவில்லை.

ஒரு வண்டி வந்து நின்றது. கடலோரத்தில் மிச்சமிருந்த ஊர்களையும் அந்த வருடம் பேரரசர் பிடித்திருந்தார். காவலன் கைதிகளை இறக்கிவிட்டான்.

"உறவு இருக்கறவன் உறவுகிட்டப் போ. இல்லாதவன் வண்டியில ஏறு, கல்லுடைக்கணும். சீக்கிரம்!"

தோளில் மகளைச் சுமந்திருந்த ஒருவன் நகரத்தை அந்தக் கோடிவரை பார்த்தான். பிறகு திரும்பி வண்டியில் கால் வைத்தான்.

"உனக்கு யாருமில்லையா?" என்றான் திரையன்.

"இருந்தாங்க. எங்க தாத்தாவோட தம்பியை இங்கதான் கொண்டுவந்தாங்க. ஆனா விளக்கைக் காணோமே."

"விளக்கா?"

"எங்காளுங்க உசிரோட இருந்தா விளக்கு எரியாமலா இருக்கும்? எல்லாரும் செத்துட்டாங்க போல."

பின்னால் இன்னும் வண்டிகள் வந்துகொண்டிருந்தன.

"ஏறாதே!" திரையன் அவன் தோளைப் பிடித்து இழுத்தான். "வர்றவங்க யாரையும் ஏற விடாதே. இதோ எரியும். அதைப் பார்த்து நடங்க."

ஓடினான்.

முக்குக்கடையைத் தாண்டும்போது சுண்டல்காரன் கத்தினான்.

"என்னப்பா, இந்த ஓட்டம் ஓடுறே? கப்பல் வந்துடுச்சா?"

நிற்காமலே திரையன் சொன்னான்.

"வந்துடுச்சு."