நரியிடம் இருந்த ஒரிஜினல்

அல்லிக்குட்டையில் ஒரு நீர்க்காகம் இருந்தது. முங்கி மீன் பிடிப்பதில் மூன்று வருடம் இளங்கலை, அதற்குமேல் இரண்டு வருடம் முதுகலை படித்திருந்தது. பட்டத்தைத் தேக்கிலையில் முத்திரை குத்திக் கொடுத்திருந்தார்கள்.

குட்டைப் பள்ளியின் தாளாளர் ஒரு நரி. நீர்க்காகம் வேலையில் சேர்ந்த அன்றே, "ஒரிஜினலைக் கொடுங்கள் டீச்சர், பத்திரமாக இருக்கும்!" என்று இலையை வாங்கிப் புதருக்குள் வைத்துக்கொண்டது.

அந்தக் கோடையில் குட்டை வற்றியது. கூட்டில் மூன்று குஞ்சுகள் பசியில் கத்தின. மலைக்கு அப்பால் பெரிய ஏரியில் ஆசிரியர் வேலை காலி என்று கேள்விப்பட்டு, நீர்க்காகம் நரியிடம் போனது.

"என் இலையைத் தாருங்கள் ஐயா."

"மூன்று வருடம் இருப்பதாகக் கால்தடம் வைத்திருக்கிறீர்களே! நடுவில் விட்டுப் போனால் பிள்ளைகள் கதி?"

"பிள்ளைகளே இல்லையே ஐயா. தவளைகள்கூடப் போய்விட்டன."

"விதி விதிதான் டீச்சர்!"

நீர்க்காகம் வெறும் அலகோடு பறந்தது. ஏரியில் கூழைக்கடா நேர்காணல் நடத்திக்கொண்டிருந்தது.

"முதுகலையா? இலை எங்கே?"

"தாளாளரிடம் இருக்கிறது. வேண்டுமானால் முங்கிக் காட்டுகிறேன்!"

ஒரே முங்கல். பெரிய கெண்டையோடு மேலே வந்தது. கூழைக்கடா அதை வாங்கி விழுங்கியது.

"நல்ல மீன். இலை எங்கே?"

கரையில் நின்ற நாமக்கோழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேலை கிடக்கட்டும் அக்கா! ஏரி எல்லோருக்கும் பொதுதானே? நாலு மீனைப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்!"

நீர்க்காகத்துக்குச் சுருக்கென்றது. "நான் முதுகலை! கண்டவர்களோடு சேர்ந்து வயிற்றுக்காக முங்குவதா? நாளைக்கு இதே ஏரியில் எந்த முகத்தோடு பாடம் நடத்துவேன்?"

"அப்படியானால் படித்தது எதற்காம்?"

நீர்க்காகம் இறகு காயும்வரை கரையில் நின்றது. பிறகு பசியோடு திரும்பி, நரியின் முன் இறங்கியது.

"எப்போதுதான் தருவீர்கள்?"

"இன்னும் இரண்டு வருடம். வேலை இல்லாவிட்டாலும் தினமும் வந்து கால்தடம் வைத்துவிட வேண்டும்!"

நீர்க்காகம் குட்டைக்குள் இறங்கிக் காலை ஊன்றியது. சேறு காய்ந்து வெடித்திருந்தது. தடம் பதியவில்லை.

"சரி, இன்று விடுப்பு என்று போட்டுக்கொள்கிறேன்!" என்றது நரி.

நீர்க்காகம் கூட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, மூன்று குஞ்சுகளில் ஒன்றுதான் அலகைத் திறந்தது.

சான்றிதழ் கைக்கு வந்தால்தான் வித்தையைத் தொடுவேன் என்று இருப்பவர் வீட்டில், கற்றது யார் வயிற்றையும் நிரப்பாது.